மூன்று முறை திரும்பிய நாற்காலி

மார்ச் 4

தம்பிக்கு,

அம்மாவின் நாற்காலி நேற்று மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. பல் டாக்டர் தன் சொந்தக் காரின் பின்சீட்டில் திணித்துக்கொண்டு வந்து குடோன் வாசலில் இறக்கினார். கொடுத்த பணத்தைக்கூடக் கேட்கவில்லை. "இத முதல்ல எடுத்துக்கங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். நலம் விசாரிக்க எழுதவில்லை. வியாபார விஷயமாகத்தான் எழுதுகிறேன். நாற்காலியில் பாதி உன்னுடையது. உன்னைக் கேட்காமல் விற்றேன். இப்போது உடைத்துப்போடலாம் என்று பார்க்கிறேன். அதற்காவது ஒரு வார்த்தை கேட்டேன் என்று இருக்கட்டும்.

பழைய சாமான் வாங்கி விற்பதில் எனக்குப் பன்னிரண்டு வருடம். கட்டில், பீரோ, கண்ணாடி அலமாரி என்று எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கடை போட்ட அன்று அம்மா சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: "பழுத மறைக்காமச் சொல்லி வித்துடு. அப்புறம் அது வாங்கினவங்க பாடு." பூச்சி அரித்த காலை நானே திருப்பிக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வேன். இந்த ஒரு நாற்காலியில் மட்டும் மறைத்தேன்.

உட்காரும் பலகையின் முன் விளிம்பில் இருக்கும் இரண்டு குழிகள் உனக்குத் தெரியும். கேன்டீனில் மதியப் பாத்திரமெல்லாம் கழுவிப் போட்டுவிட்டு, சாயங்கால டீக்கு அடுப்பு மூட்டுவதற்குள் மூன்று மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்து, முட்டி போட்டு, அந்தப் பலகையில் முழங்கை ஊன்றி அம்மா ஜெபம் பண்ணிப் பண்ணித் தேய்ந்த குழிகள். என் பாலிஷ்காரரை விட்டு அதில் பட்டி வைத்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். குட்டைக் காலுக்கு ரப்பர் மாட்டினேன். புத்தம்புது நாற்காலி மாதிரி ஆனது.

முதலில் வாங்கியவள் ஒரு தையல்காரி. பத்தாம் நாள் கொண்டுவந்தாள். "அக்கா, இதுல உக்காந்தா முதுகு வலிக்கல, முட்டி வலிக்குது. மணிக்கணக்கா முட்டி போட்ட மாதிரி" என்றாள். இரண்டாவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ரயில் டிரைவர். தனிக்கட்டை. மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே போவாராம். திரும்பி வந்தால் நாற்காலி சுவரோரமாய் நிற்குமாம். "பேய் பிசாசுன்னு நான் நம்பறவன் இல்ல. ஆனா ஒரு வீட்டுல ரெண்டு பேர் இருக்கணும்னா எங்கிட்ட கேக்கணும்ல?" என்றார்.

பல் டாக்டர் தன் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் போட்டிருக்கிறார். கூட்டம் நிற்கிறது, நாற்காலி காலியாய் இருக்கிறது. உட்காருங்கள் என்றால், "பரவால்ல, அங்க ஆள் இருக்கு" என்கிறார்களாம். ஒருவர் இல்லை, எல்லோரும். வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள்கூட.

மூன்று தடவையும் வந்து இறங்கும்போது பட்டி உள்வாங்கி, குழிகள் பழையபடி இருந்தன. ரப்பர் கழன்று போயிருந்தது. ஈரக்காற்றுக்குப் பட்டி உள்வாங்கும். அது எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் மனிதர்களின் கற்பனை.

இந்த மாதம் முப்பது வரை பார்ப்பேன். உன் பதில் வராவிட்டால் விறகு.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

உடைக்காதே.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் என் வார்டில் இன்று கூட்டமில்லை, அதனால் இன்னும் நாலு வரி.

ஜெபத்துக்கு நம்மைக் கூப்பிடும்போது அம்மா என்ன செய்வாள் என்று நினைவிருக்கிறதா? நாம் அடித்துக்கொண்ட நாட்களில் மட்டும்தான் கூப்பிடுவாள். நான் இடப்பக்கம், நீ வலப்பக்கம், எதிரும் புதிருமாக முட்டி போடவேண்டும். அவள் ஊன்றும்போது குட்டைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருப்பாள். நம்மை முட்டி போடவைக்கும்போது அதை உருவிவிடுவாள். ஒருவர் மட்டும் கையை ஊன்றினால் நாற்காலி தடக்கென்று சாயும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊன்றினால்தான் நிற்கும். அது தெரிய எனக்கு எத்தனை நாள் ஆனது! நீ முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, என்னை விழவைப்பதற்காகவே கையை எடுப்பாய்.

"ஆண்டவர்கிட்ட கோள் சொல்லக்கூடாது. அவன் என்ன பண்ணான்னு அவருக்குத் தெரியும். அவனுக்கு என்ன வேணும்னு மட்டும் கேளு" என்பாள் அம்மா. நீ உடனே, "அவனுக்கு நல்ல புத்தி வேணும் ஆண்டவரே" என்பாய். அம்மா தலையில் ஒரு குட்டு வைப்பாள். "வக்கீலம்மா, அது கோள்தான்."

இங்கே வார்டுக்குப் பின்னால் போர்வைகள் அடுக்கும் ஒரு சின்ன அறை இருக்கிறது. வேலையில்லாவிட்டால் மூன்று மணிக்கு அங்கே போவேன். ஒரு மர ஸ்டூல். பதினான்கு மாதமாக.

நான் உன்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. நான் கேட்கக்கூடாது. ஏன் என்று நீயும் கேட்காதே.

பட்டி வைப்பதை நிறுத்து.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

ஒரு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்காதவன், திறந்தவுடன் எனக்கு உத்தரவு போடுகிறாய். பட்டி வைக்காதே, உடைக்காதே, கேட்காதே. பெரிய மனிதர்.

நானும் ஒன்று கேட்கிறேன். உனக்கு முட்டி போட அங்கே அறை இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது. இங்கே அம்மா விழுந்தபோது தூக்க நீ இருந்தாயா? ஊரார் அம்மாக்களுக்கெல்லாம் வேளாவேளைக்குப் போர்வை போர்த்துகிறாய். நம் அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்து மூன்று வருடம், மலம் அள்ளினது நான். குடோனில் ஆள் கூப்பிட்டால் ஓடுவேன், வீட்டில் அவள் கூப்பிட்டால் ஓடுவேன். நீ கிளம்பிய அன்றும் அவள், "போகட்டும்டி, அவனுக்கு அது வேல இல்ல, ஊழியம்" என்றாள். எனக்கு மட்டும் என்ன, கூலியா?

அடக்கத்துக்கும் நேரத்துக்கு வரவில்லை. மறுநாள் வந்து மண்ணைப் பார்த்துவிட்டு, கையைக்கூட நனைக்காமல் போனாய். அந்தச் சாப்பாட்டை நான்தான் சமைத்தேன்.

சரி. கோபம் தீர்ந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

நாற்காலியைக் குடோனின் பின்பக்கம், உடைந்த மேஜைகளுக்கு நடுவில் போட்டுவைத்திருந்தேன். போன வியாழன் பாலிஷ்காரர் என்னைக் கூப்பிட்டார். அவர் எதற்கும் அசையாத ஆள். பிணவறை அலமாரியை வாங்கி வந்தபோதே பாட்டுப் பாடிக்கொண்டு தேய்த்தவர். "அக்கா, இங்க கை வெச்சுப் பாருங்க" என்றார். பலகையின் இடது விளிம்பு. கண்ணுக்குத் தெரியாது. விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போய் ஒரு பள்ளத்தில் நிற்கிறது. "இது பழைய குழியா?" என்றேன். "நான் மூணு தடவ தேய்ச்ச பலகக்கா இது. எனக்குத் தெரியாதா? இது இருந்ததில்ல."

உன் கடிதம் அதற்கு இரண்டு நாளைக்கு முன்னால்தான் வந்திருந்தது. இடப்பக்கம் நான், என்று எழுதியிருந்தாய்.

மேஜை ஏதாவது உராய்ந்திருக்கும் என்றேன். அவர் துணியை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு வேற வேல குடுங்கக்கா. இதுக்குப் பக்கத்துல நின்னா பேச்சு கொறைஞ்சு போகுது. என்னமோ சர்ச்சுக்குள்ள வந்துட்ட மாதிரி செருப்பக் கழட்டத் தோணுது" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு அதன் பக்கத்தில் போனால் மரம் சூடாய் இருக்கிறது. வெயில் படாத மூலை அது. காலையில் தொட்டால் சாதாரண மரம். நானே தொட்டுப் பார்த்தேன். கட்டிலோரம் கொண்டுவந்து போடச் சொல்லி அம்மா கையை வைத்துக்கொண்டு கிடந்தாளே, அப்போது கையை எடுத்தபின் பலகை எப்படி இருக்குமோ, அதே சூடு.

உடைக்கப்போவதில்லை. உடைக்க ஆள் வரமாட்டேன் என்கிறார்கள். நீ வந்து எடுத்துக்கொண்டு போ.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதில் ஒரு வரியைப் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். அது எந்த வரி என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதே தெரிந்திருக்கும்.

நான் கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, தூக்க நான் இல்லை. உன் வேலை கூலி என்று அம்மா ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அதை உன்னிடம் அவள் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விட்டது அவள் தப்பு. அம்மாவுக்கும் தப்பு உண்டு என்று இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். எழுதும்போதே யாரோ பின்னால் நின்று குட்டப்போவதுபோல இருக்கிறது.

போன வாரம் என் வார்டில் ஒரு அம்மா போய்விட்டார்கள். நாலு நாளாக மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மகள் கப்பல் கம்பெனியில் வேலை, வந்து சேரவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா" என்றார்கள். நான், "வந்துட்டேம்மா" என்றேன். பொய்தான். பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், சாகிறவர்களிடம் சொல்லும் பொய்களில் இரண்டு ஜாதி உண்டு என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகச் சொல்வது ஒன்று. நமக்காகச் சொல்வது ஒன்று. இரண்டாவதுதான் வீட்டுக்கு நம்மோடு கூடவே வருகிறது.

நான் வருகிறேன். ஆனால் இப்போது வரமுடியாது. அதற்கு முன்னால் ஒன்று நடக்கவேண்டும். அது என்ன என்று நான் சொல்லக்கூடாது. வாக்கு கொடுத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய். ஒரு நாள் மூன்று மணிக்கு ரப்பரைக் கழற்றிவிட்டு, உன் பக்கத்தில் முட்டி போடு. வலப்பக்கம். உனக்காக எதுவும் கேட்காதே. கோள் சொல்லாதே. அதன்பிறகு மூக்குக்கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு எனக்கு எழுது.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

முட்டி போட்டேன்.

நேற்று. வியாழக்கிழமை. ஆட்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வெளியே நல்ல வெயில். தகரக் கூரை முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. உள்ளே அடுக்கிவைத்த பீரோக்களின் கண்ணாடிகளில் எல்லாம் நான்தான் தெரிந்தேன். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிற இடம், நேற்றுதான் அத்தனை கண்ணாடி இருக்கிறதென்று பார்த்தேன். எதிலும் நாற்காலி மட்டும் தெரியவில்லை. கோணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ரப்பரைக் கழற்றினேன். ஒரு கையால் அழுத்திப் பார்த்தேன். தடக்கென்று சாய்ந்தது. பழையபடி ஆடுகிற நாற்காலிதான், சந்தேகமில்லை.

அப்புறம் முட்டி போட்டு, வலப்பக்கம் இரண்டு முழங்கையையும் ஊன்றினேன். என் எடை உனக்குத் தெரியும். சாயவேண்டும். சாயவில்லை.

எதிர்ப்பக்கம் யாரோ ஊன்றியிருக்கிற மாதிரி நின்றது. நான் கொஞ்சம் அழுத்தினால் அந்தப் பக்கமும் கொஞ்சம் அழுத்துகிறது. நான் தளர்த்தினால் தளர்கிறது. சின்ன வயதில் நீ செய்வாயே, நான் கையை எடுத்துவிடுவேனோ என்று பயந்து பயந்து, அப்படி இல்லை இது. நான் எடுத்தாலும் விழவிடாத பிடி. கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். வரவில்லை. "அவன் வரவே இல்ல ஆண்டவரே" என்றுதான் வந்தது. சொன்னவுடன் தலையில் குட்டு விழும் என்று குனிந்துகொண்டேன். ஐம்பது வயதில்! குட்டு விழவில்லை. மரம் மட்டும் இன்னும் சூடானது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் சொன்னது கோள்கூட இல்லை. பொய்.

கண்ணாடியைத் துடைக்காமல் எழுதுகிறேன், மங்கலாய்த்தான் தெரிகிறது. அம்மா நாற்காலியைக் கட்டிலோரம் போடச் சொன்னாள் என்று என்னை அறியாமல் எழுதினேனே, நீ படிக்காமல் விட்ட அந்த வரியை இப்போது முழுசாகப் படி.

அம்மா திடீரென்று போகவில்லை. இதயம் நின்றது, கூப்பிட நேரமில்லை என்று உன்னிடம் சொன்னேன். பதினோரு நாள் கிடந்தாள். முதல் நாளே டாக்டர், "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். உனக்கு வந்து சேர இரண்டு நாள் போதும். நினைவு கடைசிவரை இருந்தது. அன்று மாலையே, "சின்னவனுக்குச் சொன்னியாடி?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். மறுநாள் கேட்டாள். வேலை இருக்கிறதாம், வரமாட்டானாம் என்றேன். பிறகு கேட்கவில்லை. "சரி, நாற்காலியக் கொண்டாந்து பக்கத்துல போடு" என்றாள். மூன்று மணியானால் கையை அதன்மேல் வைத்துக்கொள்வாள். வாய் அசையும். சத்தம் வராது. உனக்காகக் கேட்கிறாள் என்று நினைத்து நான் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன்.

ஏன் செய்தேன் என்றால், நீ வந்தால் அவள் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் அந்த முகத்தைத் துடைத்தது நான். நீ பெட்டியோடு வாசலில் நின்றால் போதும், நான் வேலைக்காரி ஆகிவிடுவேன். அந்தப் பதினோரு நாளாவது அவள் எனக்கே எனக்கு என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். இருந்தாள். ஆனால் நான்தான் அறைக்குள் போகவில்லை. போகமுடியவில்லை.

இதுதான் பழுது. மறைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீ வருவாயோ மாட்டாயோ.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

இனி நான் பேசலாம்.

இத்துடன் ஒரு அஞ்சலட்டையை வைத்திருக்கிறேன். கையெழுத்து உனக்குத் தெரிந்ததுதான், அம்மாவைக் குளிப்பாட்ட வந்த அந்த ஆயாவுடையது. சொன்னது அம்மா. தேதியைப் பார். அவள் போவதற்கு ஐந்து நாள் முன்னால். எனக்கு வந்து சேர்ந்தது, நான் உன் வாசலில் கை நனைக்காமல் திரும்பி வந்து பன்னிரண்டு நாள் கழித்து. எங்கே சுற்றிக்கொண்டிருந்ததோ. அட்டையைத் தொலைத்துவிடாதே. தொலைந்தாலும் இருக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"சின்னவனே, அக்கா உனக்குச் சொல்லல. எங்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னா. சொல்லும்போது கண்ணாடியக் கழட்டித் தொடச்சா. சர்க்கரை திருடித் தின்ன நாள்லருந்தே அவ அப்படித்தான். இந்த அட்ட உன் கையில வரும்போது நான் இருக்கமாட்டேன். கோவம் வரும். வரட்டும். ஆனா அவளா சொல்ற வரைக்கும் நீ கேக்காத. நீ கேட்டா அவ வக்கீலாயிடுவா. தானாச் சொன்னா பிள்ளையாயிடுவா. நாற்காலிய விப்பா. விக்கட்டும். மூணாவது தடவ வந்ததும் உனக்கு எழுதுவா. அதுவரைக்கும் பொறுத்துக்க. உனக்காக நான் இப்ப ஜெபம் பண்றதில்ல. நீ நல்லாத்தான் இருப்ப. இருக்கிற நாளெல்லாம் அவளுக்குத்தான் வேணும். அம்மா."

இந்த வரிகளை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூணாவது தடவை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். உன்னை அவளுக்கு நன்றாகத் தெரியும், ஒரு பொருளை மூன்று முறைக்கு மேல் விற்கப் பார்க்கமாட்டாய் என்று கணித்திருக்கலாம். மார்ச்சில் உன் முதல் கடிதத்தைப் பிரித்து முதல் வரியைப் படித்தபோது, அந்தக் கணிப்பு எனக்குக் கைகொடுக்கவில்லை. போர்வை அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் மௌனம் கோபம் என்று நினைத்தாய். பாதி கோபம்தான். போனை எடுத்தால் கேட்டுவிடுவேன் என்று பயம் மீதிப் பாதி. பதினான்கு மாதம் ஒரு கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு ஊரார் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. பொய்யாக எழுதமாட்டேன். பதினோரு நாள், அக்கா. ஒரு நாள் கொடுத்திருக்கலாம். ஆனால் நீ அடுப்படியில் நின்ற அந்தப் பதினோரு நாளையும் நினைத்துப் பார்க்கிறேன். நானாவது தூரத்தில் இருந்ததால் அவளைப் பார்க்கவில்லை. நீ ஒரு சுவர் தள்ளி இருந்துகொண்டே பார்க்காமல் இருந்தாய். உன் பக்கம்தான் கஷ்டம் அதிகம். அம்மா சரியாகத்தான் பங்கு பிரித்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன், தனியாக இருக்கும்போது படிக்காதே.

ஏப்ரல் பதினெட்டு, வியாழக்கிழமை, மூன்று மணி. உன் கடிதம் வந்ததும் என் டியூட்டிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் போர்வை அறைக்குப் போகவில்லை. இரண்டரையிலிருந்து நாலேகால் வரை ஆபரேஷன் தியேட்டரில் நின்றுகொண்டிருந்தேன். மனதால்கூட முட்டி போடவில்லை.

எதிர்ப்பக்கம் ஊன்றியது நான் இல்லை.

தம்பி


மே 8

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தனியாகத்தான் படித்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா நான்?

படித்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனேன். அட்டையைப் பலகைமேல் வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாலிஷ்காரர் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாய் விட்டுவிட்டு வந்து, வலது விளிம்பில் விரலை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே போய் நின்றார். "அக்கா, இங்கயும்" என்றார்.

ஒரே ஒரு நாள்தான் ஊன்றினேன், தம்பி. கால் மணி நேரம். இத்தனை வருடம் மரத்தை விற்கிறேன், தேக்கு எத்தனை நாளில் தேயும் என்று எனக்குத் தெரியும்.

பதினோரு நாளும் உனக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேனே. அடுப்படியில் நின்று பொறாமைப்பட்டேனே. எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்து.

அழுததை எல்லாம் எழுதமாட்டேன். எனக்கு எழுதத் தெரிந்தது ஒன்றுதான்.

ஞாயிறு உன் தந்தி மாதிரியான ஒற்றை வரிக் கார்டு வந்தது: "இருபத்தாறாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். நாற்காலி எனக்கு வேண்டும்." எனக்கும் வேண்டும். அறுத்துப் பாதியாக்க முடியாது. எனவே நான் சொல்வதைக் கேட்டுக்கொள். ஒத்துவந்தால் வா, ஒத்துவராவிட்டாலும் வா.

நாற்காலி ஆறு மாதம் உன்னிடம், ஆறு மாதம் என்னிடம். கொண்டுவந்து விடுவதும் எடுத்துப் போவதும் ஆளை வைத்து அல்ல, நாமே. மாற்றுகிற அன்று இரண்டு பேரும் மூன்று மணிக்கு அட்டையை உருவிவிட்டு எதிரெதிரே முட்டி போடவேண்டும். கையை எடுத்து விழவைக்கமாட்டேன். என்னை நீ மன்னிக்க எத்தனை தவணை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நான் அவசரப்படுத்தமாட்டேன். வந்த அன்று நான் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடவேண்டும், இதில் பேரம் கிடையாது. குழிகளில் யாரும் எதையும் அடைக்கக்கூடாது. முன் விளிம்பு காலியாகவே இருக்கவேண்டும், அங்கே ஆள் இருக்கிறது.

விலை: உன் பக்கத்துக்குப் பதினான்கு மாதம் வாய் திறக்காமல் இருந்தது, அதை நீ ஏற்கெனவே கொடுத்துவிட்டாய். என் பக்கத்துக்கு அந்தப் பதினோரு நாள். ஒவ்வொரு நாளாக, முதலிலிருந்து, அவள் என்ன சொன்னாள், என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று ஒன்றையும் மறைக்காமல் நேரில் உட்கார்ந்து உனக்குச் சொல்லித் தீர்க்கிறேன்.

அக்கா